கத்திரி எழுதிக்கொண்டிருக்கிறாள்

1

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடம். இந்தக் கதை அந்த நிமிடத்தில் பிறந்தது. பிறக்க வைத்தவள் அக்கா. எழுதுகிறவள் தங்கை. யாரைப் பற்றிய கதையோ, அவளை இரண்டு பேருமே கேட்கவில்லை. பின்னால் மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

கதை ஒரு கோப்பில் இருக்கிறது. அதை இரண்டு பேர் திறக்கலாம். எழுதுகிற சித்தியும், அக்காவின் மகளும். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் மகள் ஓரத்தில் போட்ட குறிப்புகள். அவற்றை நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. முதல் வரைவில் சித்தி ‘நான்’ என்று தொடங்கியிருந்தாள். அன்றே குறிப்பு வந்தது.

[நான் வேண்டாம். சித்தின்னு போடு.]

ஏன் என்று சித்தி கேட்டாள்.

[கதை என்னோடது.]

இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ‘பாவம்’ என்ற சொல் வரக் கூடாது. கடைசியில் யாரும் அழக் கூடாது. இலக்கியம் படித்த ஒருத்தியிடம் இதைச் சொல்வது, சமையல்காரனிடம் அடுப்பைப் பற்றவைக்காதே என்பது போல. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

2

முதல் தொடக்கம்: “சக்கர நாற்காலியில், ஜன்னலோரம், தொலைதூரத்தைப் பார்த்தபடி அவள்...”

[ஜன்னல் சமையல்கட்டுல.]

இரண்டாம் தொடக்கம்: “பேச இயலாதவர்களின் உலகம் மௌனமானது. அந்த மௌனத்துக்குள்...”

[எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையா?]

மூன்றாம் தொடக்கம்: “இணையம் அவளுக்குச் சிறகு...”

[கோழியா நான்?]

அலங்காரம் எடுபடவில்லை. விவரம் மட்டும்.

வயது இருபது. பேச்சு உண்டு. தொண்டையில் கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும் சொல், வாயைத் தாண்டுவதற்குள் உருத்தெரியாமல் போய்விடும். அம்மாவுக்கு முழுசாகப் புரியும், சித்திக்குப் பாதி, வெளியாட்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே நாற்காலியின் குறுக்கே ஒரு பலகை, பலகையில் ஒரு டேப்லெட், எழுத்துகளின் மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை விட்ட பிளாஸ்டிக் தட்டு. வலது கையின் நடுவிரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதைத் துளைக்குள் விட்டு அழுத்தினால் ஓர் எழுத்து. எழுத்துக்கு நான்கு விநாடி. நல்ல நாளில் மூன்று.

[எல்லாருக்கும் நடுவிரல்லதான் பதில்.]

இந்த நகைச்சுவை அவளுடையது. சித்திக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

பதினாறு வயதில் அவள் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தாள். பெயர் ‘வெட்டிப் பஞ்சாயத்து’. முந்நூற்று நாற்பது பேர். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. வீட்டுச் சண்டை, ஆபீஸ் சண்டை, காதல் சண்டை எல்லாம் அங்கே வழக்காக வரும். ஞாயிறு நான்கு மணிக்குத் தீர்ப்பு. ஆறே மாதத்தில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அவளிடம் வந்தது. மற்றவர்கள் பத்தி பத்தியாக அளந்தார்கள். அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்தாள்.

வழக்கு: அறைத்தோழன் தட்டே கழுவுவதில்லை. என் தட்டை எடுத்துக்கொள்கிறான். நட்பு முக்கியமா, தட்டு முக்கியமா? தீர்ப்பு: “தட்டை ஒளிச்சு வை. நட்பு தெரியும்.”

வழக்கு: பிரிந்துபோன காதலன் தினமும் காலை ஆறு மணிக்கு வணக்கம் அனுப்புகிறான். நான் என்ன செய்ய? தீர்ப்பு: “அலாரம் வாங்கு. அவனைத் தூக்கு.”

எதை வைத்தாலும் இரண்டாக வெட்டுகிறாள் என்று அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்தார்கள். அது அவளுடைய பாணி என்று நினைத்தார்கள். சித்திக்குச் சுருக்கம் கல்லூரியில் வந்தது, கத்திரிக்கு விரலில் வந்தது. எது மேல் என்பதில் சித்திக்குச் சந்தேகமில்லை.

[எனக்கும்.]

குழுவில் அவளைத் திட்டாதவர் குறைவு. “போடி கிழவி.” “உனக்கு யாருடி நாட்டாமை பட்டம் குடுத்தது?” அதில் முதல் ஆள் ஒட்டகம். கூடாரத்துக்குள் மூக்கை விட்டால் முழு உடம்பையும் விட்டுவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அவள் சொல்லும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேல்முறையீடு செய்வான். நான்கு வருடத்தில் இவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையை அச்சடித்தால், சித்தி இதுவரை எழுதியதைவிடத் தடிமனாக வரும்.

குரலில் பேசி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். “முடியாது. படி.” வீடியோவில் வா என்பார்கள். “மூஞ்சிக்கு லீவு.” திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். எதையும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை என்பது அவள் கட்சி.

(ஓர் இடைக்குறிப்பு. பேச்சுப் பயிற்சியாளர் வருடா வருடம் ஒரு படிவம் கொடுப்பார். ‘இணையத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?’ கட்டங்கள் மூன்று: கல்வி, மருத்துவம், குடும்பத்தாருடன் தொடர்பு. ‘சண்டை போட’ என்று ஒரு கட்டம் இல்லை. அந்த டேப்லெட்டில் ஒரு முறை தொட்டாலே பேசும் தயார் வாக்கியங்கள் இருபத்துநான்கு உண்டு. ‘தண்ணீர் வேண்டும்.’ ‘நான் நலம்.’ ‘மிக்க நன்றி.’ ‘போடா’ ஒன்று வையுங்கள் என்று கத்திரி இரண்டு முறை எழுதிக் கேட்டாள். பயிற்சியாளர் சிரித்தார். குறித்துக்கொண்டார். வைக்கவில்லை.)

3

இனி அந்த நிமிடம்.

அன்று காலையில் வர வேண்டிய பிசியோ மூன்றரைக்கு வந்தார். உள்ளறையில் கத்திரியின் இரண்டு கைகளும் பயிற்சிப் பட்டைக்குள் இருந்தன. டேப்லெட் கூடத்து மேஜையில் சார்ஜில். சார்ஜில் போட்டபோது இயர்போனைக் கழற்றியாகிவிட்டது. வருகிற செய்தியை அந்த டேப்லெட் உரக்கப் படிக்கும். ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திரைக்குத் திருப்ப அவளால் முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. குரல், ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிக்கும் பெண்ணின் குரல்.

நான்கு பதினேழுக்கு அந்தக் குரல், மிகுந்த மரியாதையோடு, வீடு முழுக்க அறிவித்தது:

“கத்திரி. செத்துட்டியா? தீர்ப்பு எங்கடி?”

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது தொழில். மிச்ச நேரம் மகளுக்காகப் பதில் சொல்வது. டாக்டரிடம், கடையில், மாடி வீட்டுக்காரியிடம், எங்கேயும் மகள் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வீட்டு வழக்கமே அதுதான். கத்திரி ஆரம்பிப்பாள், அம்மா முடிப்பாள். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள்.

டேப்லெட்டுக்குப் பூட்டு இல்லை. அம்மாவின் போனுக்கு உண்டு. சித்தியின் போனுக்கு உண்டு. அவளுடையதற்கு மட்டும் ‘ஆத்திர அவசரத்துக்கு’ என்று சொல்லிப் போடாமல் விட்டிருந்தது. விட்டவள் சித்தி. (நான்காம் வரைவு வரை இந்த வரி இல்லை.)

[கவனிச்சேன்.]

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டேப்லெட்டை எடுத்தாள். மேஜைக்கு எதிரே சித்தி அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா டைப் பண்றே?”

“ஒண்ணுமில்ல. ஒரு பையன் விசாரிச்சான்.”

சித்தி மறுபடி காகிதத்தில் குனிந்தாள். அம்மா அனுப்பியது இது:

“தம்பி, வணக்கம். நான் அவளுடைய அம்மா. அவள் நலமாக இருக்கிறாள். அவளுக்குப் பேச வராது. கையும் சரியாக வராது. அதனால்தான் பதில் தாமதம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எல்லோரும் அவளிடம் அன்பாக இருப்பதற்கு நன்றி. சாப்பிட்டீர்களா?”

அம்மாவுக்கு இதற்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. முந்நூற்று நாற்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

4

இங்கே சித்திக்கு அம்மா என்ற பாத்திரம் பிடிபடவில்லை. வில்லியாக எழுதினால் பொய். தியாகியாக எழுதினால் அதைவிடப் பெரிய பொய். அதனால் நடந்ததை அப்படியே போடுகிறாள்.

கத்திரி வந்து படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு வாயால் ஒரு சொல் சொன்னாள். இந்த முறை சித்திக்கும் முழுசாகப் புரிந்தது.

“பெத்தவளைப் பாத்துச் சொல்ற வார்த்தையாடி இது?”

“அக்கா, நீ பண்ணினதுக்கு அது கம்மி.”

“என்ன பண்ணிட்டேன்? செத்துட்டியான்னு கேக்கிறான் ஒருத்தன். உசிரோட இருக்கான்னு சொன்னேன். தப்பா?”

“அதோட நிறுத்தினியா?”

“மிச்சமும் உண்மைதானே? ஒரு வரி பொய் இருக்கா, காட்டு பாப்போம்.”

ஒரு வரிகூடப் பொய் இல்லை. சித்திக்கு எரிச்சலே அதுதான்.

“சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டிருக்கே.”

“கேட்டா என்ன குறைஞ்சுபோச்சு? மூணு பேர் சாப்பிட்டோம்மான்னு பதில் போட்டிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க.”

கத்திரியின் விரல் துளைகளில் இறங்கி ஏறியது. ரயில் குரல் வந்தது: “பூட்டு வேணும்.”

“பூட்டா? உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படிடி திறப்பேன்? யாருக்குத் தகவல் சொல்வேன்? இருபது வருஷமா உனக்கு நான்தான் வாய். தெரியுமில்ல?”

விரல் மறுபடி இறங்கியது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சுமார் முக்கால் நிமிடம்.

“அப்ப வாய்க்கும் போடு.”

அம்மா தங்கையைப் பார்த்தாள். “எல்லாம் நீ குடுக்கிற இடம்.” சமையல்கட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

இந்த இடத்தில் மூன்றாம் வரைவில் கத்திரிக்கு ஒரு நீண்ட வசனம் இருந்தது. “அம்மா, இத்தனை நாளும் என் குரலாக இருந்தாய். அதற்கு நான் நன்றி மறக்க மாட்டேன். ஆனால் உன் குரல் ஓங்கி ஒலிக்கும்போது என்னுடையது...”

[இது நான் சொல்லலை.]

நீ சொல்ல நினைத்தது இதுதானே என்று சித்தி ஓரத்தில் எழுதிக் கேட்டாள். கர்சர் துடித்தது. சித்தி போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்தபோது பதில் இருந்தது.

[நீயும் ஆரம்பிச்சுட்டியா.]

சித்தி அந்தப் பத்தியை அழித்தாள். பிறகு அழித்ததற்கு அடையாளம் இருக்கட்டும் என்று மேலே திரும்பப் போட்டாள்.

5

அடுத்த பதினான்கு நாட்கள் குழு அவளிடம் அன்பாக இருந்தது.

கிழவி என்றவள் “மன்னிச்சிடு சகோதரி” என்றாள். நாட்டாமை என்றவன் கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினான். யாரோ சூரிய உதயப் படத்தின் மேல் ‘பேசாமல் பேசுகிறாள்’ என்று எழுதிப் போட்டார்கள். அதை நூற்றுப்பத்து பேர் பகிர்ந்தார்கள். “அவங்களை அவசரப்படுத்தாதீங்கப்பா, பாவம்” என்று ஒருவர் அறிவிப்பே வைத்தார்.

[மேற்கோள்னா பரவாயில்லை.]

மாமியார் வழக்கு ஒன்றில் அவள் வேண்டுமென்றே அபத்தமான தீர்ப்பு எழுதிப் பார்த்தாள். “மாமியாரை வித்துடு.” எப்போதும் இதற்கு முப்பது வசவு விழும். இந்த முறை, “என்ன ஒரு நகைச்சுவை உணர்வு! தலைவணங்குகிறோம்” என்று வந்தது.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அவள் கொஞ்சம் மரியாதையாக எழுதினால், “ஆன்ட்டி வணக்கம்” என்றார்கள். வெடுக்கென்று எழுதினால், “அம்மா, இது நீங்க இல்லையே?” என்றார்கள். ஒரே ஒரு முறை வேறொருவர் அவள் பெயரில் பேசியதும், அவள் பெயரில் வருவதெல்லாம் யாருடையது என்று சந்தேகமாகிவிட்டது. அந்த முந்நூற்று நாற்பது பேரிடம் அவளுக்கு முகம் இல்லை, குரல் இல்லை. அந்த இரண்டு வாக்கியம் மட்டும்தான் இருந்தது.

ஒட்டகம் ஒரு கும்பிடும் அனுப்பவில்லை. ஒரு மேல்முறையீடும் செய்யவில்லை. செய்தியைப் பார்த்தான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் வரும். மற்றவர்களின் அன்பை அவளால் சகிக்க முடிந்தது. இதை முடியவில்லை. இரண்டாம் வாரம் அவனுக்குத் தனியே எழுதினாள்: “திட்டுடா.” நீலக் கோடு. பதில் இல்லை.

6

பூட்டு ஒரு வியாழக்கிழமை போடப்பட்டது. அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம். சித்தி டேப்லெட்டின் அமைப்புகளுக்குள் போய்ப் பூட்டுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். ஆறு இலக்கம். தட்டின் துளைகள் எழுத்துக்கு நேராக இருந்தனவே தவிர எண்ணுக்கு நேராக இல்லை. தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. தட்டு இல்லாவிட்டால் விரல் வழுக்கும்.

சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் நான்கு சுவிட்சுகள் இருந்தன. ஒன்று வேலை செய்யாது. பின்னால் விரல் கண்ணாடியில் தட்டும் சத்தம், தவறு என்று அது அதிரும் சத்தம், மறுபடி தட்டும் சத்தம். ‘குடு, நான் போட்டுடறேன்’ என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. வந்து வந்து போனது. ஆறு எண்ணை ஒரு முறை போட்டு, உறுதி செய்ய இன்னொரு முறை போட வேண்டும். இருபத்திரண்டு நிமிடம்.

“ம்,” என்றாள் கத்திரி. அதற்கு டேப்லெட் தேவைப்படவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து டேப்லெட்டைத் தொட்டுப் பார்த்தாள். திரை எண் கேட்டது.

“எண் என்ன?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“எழுதுறவளாம். ஒரு எண் தெரியல.”

7

கதைக்கு முடிவு வேண்டும். சித்தி மூன்று தயாரித்தாள்.

முடிவு ஒன்று: குழு முழுவதும் வீடியோவில் கூடுகிறது. கத்திரி முகம் காட்டுகிறாள். முந்நூற்று நாற்பது பேரும் கை தட்டுகிறார்கள்.

[சோப்பு விளம்பரம்.]

முடிவு இரண்டு: அம்மா தன் தவறை உணர்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

[அம்மாவைத் தெரியாதா உனக்கு?]

முடிவு மூன்று: ஒட்டகம் யாரென்று தெரியவருகிறது. அவனுக்கும் திக்குவாய். அவனும் இத்தனை நாள்...

[ஊருக்கே திக்குவாய் வைப்பியா?]

சித்தி மடிக்கணினியை மூடினாள். திறந்தாள். நடந்ததை எழுதினாள்.

8

ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி. அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்திரி காதைக் காட்டி, “கழட்டு” என்றாள், வாயாலேயே. சித்தி இயர்போனைக் கழற்றினாள். அம்மாவும் கேட்கட்டும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

[நினைச்சேன்.]

ரயில் குரல் அன்றைய வழக்கைப் படித்தது. வழக்குப் போட்டவன் ஒட்டகம்.

“எனக்கு ஒரு சிநேகிதி. நாலு வருஷமா தினம் சண்டை போடுறோம். அவளைப் பத்தி ஒரு விஷயத்தை அவங்கம்மா சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ சொல்லவே இல்லை. நான் அவ்வளவு கேவலமானவனா? இது துரோகமா இல்லையா? தீர்ப்பு.”

“அட, இதுக்கு நான் சொல்றேன் பாரு,” என்று அம்மா எழுந்தாள். “என் பொண்ணு அந்த மாதிரி...”

“அக்கா.”

“நல்லதுதாண்டி சொல்லப் போறேன்!”

“அக்கா, உக்காரு.”

அம்மா உட்காரவில்லை. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

விரல் இறங்கியது. நான்கெழுத்து, ஒரு குறி, இருபது விநாடி. தீர்ப்பு குழுவுக்குப் போனது:

“கேட்டியா?”

[தீர்ப்பு பொது. போட்டுக்கோ.]

உடனே குழு பொழிந்தது. ரயில் குரல் ஒவ்வொன்றாக அறிவித்தது. “மனசைத் தொட்டுட்டீங்க.” “கண்ணு கலங்குது சகோதரி.” “அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்க.” அம்மா, “வணக்கம்ப்பா” என்றாள், டேப்லெட்டைப் பார்த்து.

பிறகு வேறொரு மணி ஒலித்தது. தனிச் செய்தி. ஒட்டகம்.

“இப்ப டைப் பண்றது யாரு? நீயா, உங்கம்மாவா?”

அம்மா சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். விடை அவளுக்குத் தெரியும். சித்திக்கும் தெரியும். திரையின் மேல் வரிசையில் டேப்லெட்டும் மூன்று சொல்லை எடுத்து நீட்டியிருக்கும். எப்போதும் நீட்டும். நன்றி, நலம், வணக்கம். கத்திரி நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். விரல் முதல் துளையைத் தேடியது. திரை அவள் பக்கம் இருந்தது.

அவள் என்ன எழுதினாள் என்று சித்திக்குத் தெரியாது. இதை எழுதும் இன்று வரை தெரியாது. மூன்று முறை கேட்டாயிற்று.

[பதில் தனி.]

முடிவு அந்த டேப்லெட்டுக்குள் இருக்கிறது. பூட்டின் எண் சித்திக்குத் தெரியும் என்று நீங்கள் நினைத்தால், அவள் சுவரைப் பார்த்து நின்றதை மறந்துவிட்டீர்கள்.

உங்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். கூர்மையான பதில், இரண்டு சொல்லில், அவள் பாணியிலேயே. சித்தியிடம் நான்கு இருந்தன. நான்கும் அவள் சொன்னவை அல்ல. அவசரமானால் உங்களுடையதைக் கடைசி வரியாகப் போட்டுக்கொண்டு நீங்கள் கிளம்பலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அம்மாவுக்கும் அன்று ஒன்றரை நிமிடம்தான் ஆனது.

இருக்கிறவர்கள் இருங்கள். எழுத்துக்கு நான்கு விநாடி.

விரல் இறங்கியது. ஏறியது. வேறொரு துளைக்குப் போனது. தவறு போல, திரும்பி வந்தது. அம்மா வாயைத் திறந்து மூடினாள். எங்கேயோ, ஒட்டகத்தின் போனில், அவள் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்திருக்கும். அவனுக்கும் பொறுமை கிடையாது. ரயில் குரல் மறுபடி வந்தது, அதே மரியாதையோடு:

“ஏய். நீயா, உங்கம்மாவா?”